வெண்டைக்காய் போட்டுத் தெளிய வைத்த நாவல் சாறு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தேரை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து இராஜபாளையம் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அக்கா வீட்டில் காபி வரும் என்று பார்த்தால், ஒரு கூடை நாவல்பழம் வந்தது. உட்கார்ந்து பிசையச் சொன்னாள். அத்தானுக்குப் பேண்டேஜ் துணி மில்லில் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி ஓயாத இருமல். மில்லை விடாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. விட்டால் சோற்றுக்கு? அக்கா ஒரு வழி பிடித்து வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர், நாவல், நெல்லி, எலுமிச்சை என்று எந்தச் சாறானாலும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் கலங்கல் இருக்கக்கூடாது. மறுநாள் பத்து மணிக்குக் காட்ட வேண்டும்.

வடிகட்ட அத்தான் மில்லிலிருந்து புதுத் துணி கொண்டுவந்து எட்டாக மடித்தார். தறியிலிருந்து இறங்கி இன்னும் வெளுக்காத துணி. நூலுக்குப் போட்ட கஞ்சி சூடான சாற்றில் கரைந்து இறங்க, எல்லாம் கழுநீராகிவிட்டது. இருபது வருஷம் அந்தத் துணியோடே கிடக்கிற மனுஷன்! அக்கா அதை அப்படியே முற்றத்தில் கொட்டிவிட்டுப் படுக்கப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலை ஐந்து மணிக்கு அத்தானே எழுப்பினார். அவருக்குச் சொந்த ஊர் சேத்தூர். அங்கே வெல்லம் காய்ச்சும்போது வெண்டைக்காய்ச் சாறு ஊற்றித்தான் அழுக்கு எடுப்பார்களாம். மிச்சப் பழத்தைப் பிசைந்தோம். துணியை இரண்டு முறை வெந்நீரில் அலசி வடிகட்டினோம். கால் கிலோ பிஞ்சு வெண்டைக்காயை நறுக்கித் தண்ணீரில் பிசைந்து, அந்தக் கொழகொழப்பைச் சாற்றில் ஊற்றி இளஞ்சூட்டில் வைத்தோம். மண்டியெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வந்தது. வழித்தெடுத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஆடாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் பாட்டிலில் ஊற்றினோம். ஜன்னலில் தூக்கிப் பிடித்தால் தெருவில் போன சைக்கிள் ஊதாவாகத் தெரிந்தது.

கடைக்கு மூன்று பேரும் கிளம்பினோம்; பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருவிழாக் கூட்டத்தில் டவுன் பஸ் முக்கால் மணி நேரம் எடுத்தது. டிக்கெட் ஒன்றரை ரூபாய். அத்தான் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, இருமல் வந்தபோதெல்லாம் அதை என் கையில் தந்தார். தேரின் உச்சி மட்டும் தூரத்தில் நகர்ந்தது.

கடைக்காரர் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு தம்ளர் ஊற்றி நிதானமாகக் குடித்தார்.

“வாரத்துக்கு எம்புட்டு தருவிய?”

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

“நாளையில இருந்து மில்லுக்குப் போவாதிய.”

தேரன்று இராஜபாளையத்தில் எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். நான் சொன்ன டிக்கெட் விலையை நம்பிப் போய் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டில் சாறு போடுகிறவர்கள் பிஞ்சு வெண்டைக்காயாகப் பார்த்து வாங்குங்கள்; சூடேறும்போது கிண்டவே கூடாது.

மில்லை விட்ட பிறகு அத்தான் பத்தொன்பது ஆடி பார்த்தார். அக்காவுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.