ஏரிக்கரையா, ரோடா?

காலை ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் யூனிபாரம்கூட மாற்றாமல் படுத்துக்கிடந்தேன். மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். அமெரிக்காவுக்கு முதன்முதலில் போன மனிதர்கள் பனிப்பாறைகளுக்கு நடுவே நடந்து போனார்கள் என்கிறார்கள் சிலர். கரையோரமாகப் படகில் போனார்கள் என்கிறார்கள் வேறு சிலர். அந்தப் பழைய கரை இப்போது கடலுக்கடியில் கிடப்பதால் தடயம் தேடுவது கஷ்டமாம்.

அப்பாவும் பெரியப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரைவிட்டு வந்த வழியைப் பற்றி அவர்களுக்குள் ஓயாத சண்டை.

"ஏரிக்கரை மேல நடந்துகினுதான் வந்தோம்" என்பார் அப்பா.

"போடா, கம்மாபுரம் ரோட்டுல வண்டி கட்டிகினு வந்தோம்" என்பார் பெரியப்பா.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரில் பார்த்தே தீர்த்துக்கொள்வது என்று என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ரோடு பாதியில் அறுந்து நின்றது. அதற்கப்பால் ஏரியும் இல்லை, கரையும் இல்லை. ஈர நிலக்கரி வாசனை மட்டும் கீழேயிருந்து வந்தது. சுரங்கப் பள்ளம் அவ்வளவு தூரம் வந்திருக்குமென்று இருவருமே நினைக்கவில்லை.

"நீ சொன்னமாரியே இருக்கட்டும்டா" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணே, நீ சொன்னதுதான்" என்றார் அப்பா.

அதன்பிறகு அவர்கள் அந்தச் சண்டையைப் போடவே இல்லை.

"பனிப்பாறையா, படகா, எதும்மா சரி?" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து நிமிர்ந்து.

"அந்தப் படிச்சவங்க இன்னும் சண்ட போட்டுகினுதான் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா."

"போடட்டும் விடு" என்றேன்.