மூன்று டாக்டர்களும் ஒரு கைப்பையும்

"எதையும் மறைக்காம சொல்லுங்க. சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்திருந்தாக்கூட சொல்லிடணும்" என்று சோபா நுனியில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் மூலநோய் முதல் மூச்சிரைப்பு வரை கறந்துகொண்டிருப்பார் பாலிசி அக்கா. ஆயுள் காப்பீட்டு முகவர். அவர் தலை தெரிந்தால் தெருவே கதவைச் சாத்தப் பார்க்கும். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றியிருப்பார்.

ஊரார் உடம்பைக் கிண்டும் அக்காவுக்குத் தன் உடம்பு மட்டும் ராணுவ ரகசியம். மூச்சுத்திணறலுக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. "சொன்னா அவங்க மூஞ்சி சுருங்கிடும். எதுக்கு வம்பு?"

மூச்சு டாக்டர் ஸ்டீராய்டு எழுதும்போது கேட்டார்: "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஐயோ, மாத்திரைன்னாலே எனக்கு ஆகாது டாக்டர்."

"வலி மாத்திரையை மட்டும் இதோட சேத்துப் போட்டுடாதீங்க. வயித்தைப் புண்ணாக்கிடும்."

அக்கா பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அதையும் முழங்கால் டாக்டர் கொடுத்த வலி மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கினார். கணவர் முனகியதற்கு, "அது முட்டிக்குப் போகுது, இது நெஞ்சுக்குப் போகுது. ரெண்டுக்கும் வழியே வேறங்க!" என்று விளக்கம் வேறு.

சர்க்கரை எகிறியது. டீ போட்ட கணவருக்குத் திட்டு விழுந்தது. வயிறு எரிந்தது, வெயில் என்றார். மலம் கறுத்தது; கடைக்காரன் எதிலோ கலர் கலந்துவிட்டான் என்றார்.

ஒரு மதியம், புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியிடம் "திடீர்னு நமக்கு ஏதாவது ஆயிட்டா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே சரிந்தார். அந்த வாக்கியத்தை எந்த முகவரும் அதைவிட அழுத்தமாக முடித்ததில்லை. தம்பதி மறுநாளே பாலிசி எடுத்துவிட்டதாகக் கேள்வி.

மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். இரைப்பையில் புண், உள்ளுக்குள் கசிவு. என்னென்ன மாத்திரை என்று இளம் டாக்டரம்மா கேட்டதற்கு, "பெரிசா எதுவும் சாப்பிடறதில்லம்மா" என்றார் அக்கா. பல வருடமாக ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேசி முடிக்காத கணவர் முன்னே வந்தார். அக்காவின் கைப்பையை எடுத்துக் கட்டிலின் மேல் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் கொட்டின.

"இதுவும் இதுவும் சேர்ந்துதான் வயித்தை அரிச்சிருக்கு. சர்க்கரையை ஏத்தினதும் இந்த ஸ்டீராய்டுதான்" என்றார் டாக்டரம்மா. "அதுக்காக இதை நீங்களா பட்டுனு நிறுத்திடவும் கூடாது. நாங்க பாத்து கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். உங்க மூணு டாக்டர்கிட்டயும் நானே பேசறேன்."

ரத்தம் போனபோது வெளுக்காத முகம் அப்போது வெளுத்தது.

"பொழைச்சுக்குவேனாம்மா?" அக்காவின் குரல் இவ்வளவு சன்னமாக இருக்கும் என்று கணவருக்கே தெரியாது.

"பொழைச்சுக்குவீங்க. வேற ஏதாவது இருக்கா?"

அக்கா விட்டத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு தலைமாட்டிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த இன்னொரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மறுமுனையை அக்காவின் விரல்கள் விடவில்லை.