காதில் வைத்த ஸ்க்ரூ டிரைவர்

என் மேசை இழுப்பறையில் மஞ்சள் பிடி போட்ட பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கிடக்கிறது. அதை வைத்துச் சித்தப்பா ஒரு திருகைக்கூட முடுக்கி நான் பார்த்ததில்லை. ஓடும் மோட்டாரின் மேல் முனையை ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் அந்தக் கம்பி வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். "ஒருநாள் என் நெஞ்சுலயும் வச்சுக் கேக்கப்போறாரு, பாரேன்" என்று சித்தி கிண்டல் செய்வாள்.

எண்பதுகளில் அனகாபுத்தூரில் தகரக் கூரையின் கீழ் அவர் ஒரு மோட்டார் ரிப்பேர் கடை தொடங்கினார். தாம்பரத்தைச் சுற்றி வீடுகள் முளைக்க முளைக்கத் தண்ணீர் மோட்டார்கள் வந்து குவிந்தன. சித்தப்பா காதில் கேட்டு அனுப்பிய மோட்டார் பழுதென்று திரும்பி வராது என்ற பெயர்தான் கடையைப் பெரிதாக்கியது. ஆட்கள் கூடினார்கள், கேட்கிற காது மட்டும் ஒன்றாகவே இருந்தது. "அண்ணா, எல்லாம் ரெடியா கீது. நானே கேட்டுட்டேன், ஏத்திக்கினு போவட்டுமா?" என்பார் மூத்த மெக்கானிக். "நான் கேக்காம ஒண்ணும் வெளிய போவாது" என்பார் சித்தப்பா. அந்தப் பிடிவாதத்தை நான் அப்போது திறமை என்றே நினைத்தேன். இன்றும் முழுக்கத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூறுகளில், காலேஜ் முடித்த கையோடு அங்கே போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் போனில் புகார்களாக வரத் தொடங்கின. "நேத்து எடுத்துக்கினு வந்த மோட்டார் கத்துதும்மா." தகரக் கூரைக்குள் அத்தனை வருஷ இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

அப்போது அடுக்குமாடி கட்டும் பில்டர் ஒருவர் தன் மோட்டார் வேலை முழுவதையும் எங்களுக்குத் தருவதாக இருந்தார். அது கிடைத்தால்தான் கடை நிற்கும். முதல் மோட்டாரை எடுத்துப் போக, மதியம் அவரது ஆள் வண்டியோடு வந்து வாசலில் நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தார். முனை மோட்டாரைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. கடையே ஓய்ந்தது. தெருவில் யாரோ இருமியது கேட்டது. அதிர்வில்லாததைக் கையாவது சொல்லியிருக்கும், ஆனால் அவர் காதை மட்டுமே நம்பிப் பழகியவர். அந்தச் செத்த இரும்பின் மேல் முனையை ஊன்றி, வெகுநேரம் கேட்டு, தலையாட்டினார்.

"அருமையா ஓடுது. ஏத்துங்க."

ஒருவரும் அசையவில்லை. சித்திதான் முன்னால் வந்து, "அதான் சொல்றாருல்ல, ஏத்துங்கப்பா" என்றாள். பில்டரின் ஆள் மோட்டாரை ஏற்றாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சித்தப்பா கண்ணைத் திறந்தார். தலைக்கு மேல் நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தலை குனிந்துகொண்டோம். ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை, கடையும் அதிக நாள் நடக்கவில்லை.

இப்போது வண்டலூரில் எனக்குச் சொந்தமாக பம்ப் பட்டறை இருக்கிறது. "அனுப்பலாமா மேடம்?" என்று கேட்கிறார்கள். நான் பார்க்காமல் இங்கும் எதுவும் வெளியே போவதில்லை. இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறேன். தலையாட்டுவதற்கு முன் ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வருவதில்லை.