இரண்டாவது உருகி

கடற்படையிலிருந்து நான் விடுபட்ட காலையில், முகாம் வாயிலில் நின்ற காவலன் என் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மூன்று ஆண்டுகள் ஒரே கப்பலில் எனக்கு மேல்தட்டுப் படுக்கையில் உறங்கியவன் அவன். பெட்டிக்குள் கிடந்த என் திருப்புளியை எடுத்து, அரசாங்கச் சொத்து என்று சொல்லித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டான். அதன் மரப்பிடியில் என் பெயரின் முதலெழுத்தைச் சூடு வைத்துப் பொறித்திருந்தேன். அதைச் சுட்டிக்காட்டினேன். எழுத்தை எவனும் பொறிக்கலாம் என்றான். பன்னிரண்டு ஆண்டுச் சேவையில் என்னிடம் கடைசியாகப் பேசப்பட்ட சொற்கள் அவை.

போர்க்கப்பல்களின் மின்பகுதியில் வேலை செய்தவன் நான். மேற்பதவிக்குரிய சிங்களப் பரீட்சைக்கு அமர மறுத்தேன். அமராதவனுக்குப் பதவி இல்லை. பதவி உயராதவனை ஒப்பந்தக் காலத்துக்கு அப்பால் வைத்திருக்க அவர்களுக்கும் மனமில்லை. எனக்குக் கொடுத்த தாளில் நடத்தை 'மிக நன்று' என்று எழுதியிருந்தது. அந்தத் தாளைக் காட்டித் திருகோணமலையில் ஒரு மின்குமிழைக்கூட மாற்ற உரிமை இல்லையென்பதைக் கரைக்கு வந்த முதற்கிழமையிலேயே அறிந்தேன்.

வீடுகளுக்கு மின்கம்பி பூட்டுபவனிடம் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். துறைமுகத்தை அடுத்த எங்கள் தெருக்களில் அதை வைத்திருந்தவர் ஒருவரே. எல்லாரும் அவரை முதலாளி என்றே அழைத்தனர். பத்திரம் இல்லாதவன் அவருக்குக் கீழே வேலை செய்யலாம். அல்லது ஒரு முழு வீட்டைத் தனியே பூட்டி, மின்சார அலுவலகப் பரிசோதகருக்குக் காட்டித் தேறித் தனக்கென்று ஒரு பத்திரம் பெறலாம். எனக்குக் காட்டுவதற்கு வீடு இல்லை. ஆகவே முதலாளியின் கடைக்குப் போனேன்.

"கப்பல்ல லைட் போட்டனீரோ?" என்று கதிரையை விட்டு எழாமலே கேட்டார்.

"பன்னிரண்டு வருசம்."

"கப்பல் தாழேல்லையே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, நேவி. நாளைக்கு வாரும். இஞ்ச காலையில குழல் ஊதி எழுப்ப ஆள் இல்லை. நீராத்தான் எழும்ப வேணும்."

அவரிடம் நான் ஓராண்டும் சில மாதங்களும் உழைத்தேன். அந்தக் காலம் முழுவதும் அவரை வெறுத்தேன். அவரும் என்னை வெறுத்தார். கம்பியைச் சுவரோடு பொருத்தும் பிடிகளை அளவு பாராமல், கோணல்மாணலாக, ஆளுக்கு ஒரு விதமாக அடிக்கச் செய்வார். நானோ கப்பலில் பழகியபடி நூல் பிடித்து, பிடிகளுக்கிடையே ஒரே இடைவெளி விட்டு, எல்லாத் திருகாணித் தலைகளிலும் உள்ள வெட்டுவாய் ஒரே நேர்நிலையில் நிற்குமாறு முறுக்குவேன். "ஆணிக்குத் தலை வாரி விடுறார் எங்கட நேவி" என்று அவர் வீட்டுக்காரரிடமே சொல்வார். மற்றவன் இரண்டு அறை முடிக்கும் வேளையில் நான் ஒன்றை முடிப்பேன். அது உண்மை, ஆயினும் அதை அவர் சொன்ன தொனியை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவர் எவனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மின்மானியும் உருகிகளும் பொருந்துகின்ற பிரதான பலகையை ஒவ்வொரு வீட்டிலும் கடைசி நாளில் தாமே பூட்டுவார். அப்போது எங்களைப் பார்த்து, "எல்லாரும் போய்ப் பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ" என்பார். திரும்பி வரும்போது பலகை மூடியிருக்கும். தொழிலின் அந்த முடிச்சு தம் கைக்குள் இருக்கும்வரை தமக்குக் கீழிருப்பவன் எவனும் தமக்கு எதிரே கடை போடமாட்டான் என்பது அவர் நினைப்பு.

ஒருநாள் தேநீரைப் பாதியில் விட்டுத் திரும்பினேன். பலகை திறந்து கிடந்தது. உள்ளே வந்த இரு கம்பிகளில் ஒன்றில் மட்டுமே உருகி இருந்தது. மிகையான மின்னோட்டம் பாய்ந்தால் தானே உருகி அறுந்து, கம்பி தீப்பற்றாமல் காக்கும் மெல்லிய இழையே உருகி; பேச்சில் பியூஸ். கப்பலில் இரு கம்பிகளிலும் ஒவ்வொன்று வைப்போம். ஒன்றை விட்டவனுக்குத் தண்டனை உண்டு. இங்கே இரண்டாவதைக் காணாதபோது, அது அவருடைய பைக்குள் போயிற்று என்றே முடிவுசெய்தேன். வேறொரு விளக்கம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. வெறுப்பு அத்தகைய எண்ணத்துக்கு இடம் வைப்பதில்லை.

அதைத் தேநீர்க்கடையில், துறைமுகத் தொழிலாளர் பத்துப்பேர் கேட்கச் சொன்னேன். "முதலாளி வீட்டுக்கு ஒரு பியூஸ் களவெடுக்கிறார்."

என் குவளை காலியாகுமுன் அந்தக் கதை அவருடைய காதுக்கு எட்டிவிட்டது. கடை வாசலில் என் உபகரணப்பையைக் கொண்டுவந்து வைத்தார். "களவெடுக்கிறவனிட்ட வேலை செய்யிறது உமக்கு மரியாதை இல்லை, நேவி. எடுத்துக்கொண்டு போம். லைசன்ஸ் இல்லாமல் இந்த ஊரில ஒரு பல்பைத் தொட்டீரெண்டால், மின்சாரக் கந்தோருக்கு நானே போய்ச் சொல்லுவன்."

அதன்பின் எனக்கு எஞ்சிய வழி சொந்தப் பத்திரம் ஒன்றே. அவ்வேளையில்தான் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு மின்கம்பம் வந்தது. அந்த வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. அவளுடைய தகப்பனாரும் எங்களோடு இருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சீருடை அணிந்தவர்களை நாற்பது ஆண்டுகள் சாளரத்துக்கு இப்பாலிருந்து பார்த்துப் பார்த்து, அவர்கள்மேல் மதிப்பு அற்றுப்போனவர்.

"சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கிக்குக் காவலுக்கு ஆள் எடுக்கினம், மருமகன்" என்றார். "நேவியில இருந்தவரெண்டால் உடன எடுப்பினம். நிக்கச் சொன்ன இடத்தில நிக்கிறதுதானே வேலை. உங்களுக்குப் பழகினது."

"இந்த வீட்டுக்குக் கம்பி நான் பூட்டப்போறன், மாமா. அதைக் காட்டித்தான் பத்திரம் எடுக்கவேணும்."

"இந்த வீட்டை எரிச்சுப் பழகப்போறீங்களோ?"

குசினியில் சமையலை விட்டு என் மனைவி வந்தாள். "வீடு என்ர பேரில இருக்கு, அப்பா. கம்பி இவர்தான் போடுவார். உங்களுக்குப் பயமெண்டால் உங்கட அறைக்கு லாம்பை வைச்சிருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளுடைய குரல் மென்மையாக இருக்கவில்லை. "ஒண்டரை வருசமா உங்கட கோபத்தைச் சோத்தோட சேர்த்துத் தின்னுறன். இதில தேறாட்டி, இனி அந்தக் கதை வீட்டுக்குள்ள வரக்கூடாது."

நாற்பது நாட்கள் அந்த வீட்டில் வேலை செய்தேன். என் வாழ்நாளில் அதைவிடச் செம்மையாக நான் எதையும் செய்ததில்லை. பிரதான பலகையில், கப்பலில் கற்றபடியே, இரு கம்பிகளிலும் இரண்டு உருகிகளைப் பூட்டினேன். முதலாளி திருடியதை நான் திருப்பி வைப்பதாகவே எண்ணினேன்.

இதற்கிடையே செய்யக்கூடாத ஒன்றையும் செய்திருந்தேன். மாதா கோயிலுக்குப் பின்புறத்தில் பேக்கரி வைத்திருந்தவர், மாப்பிசையும் பின்னறைக்கு விளக்குப் போட முதலாளியைக் கேட்டு அலுத்திருந்தார். அவருடைய பழைய இணைப்பிலிருந்து கம்பி இழுத்து, தனியாக ஒரு சிறு பலகை வைத்து, பத்திரம் இல்லாமலே நான் அதைப் பூட்டிக் கொடுத்தேன். அங்கும் இரண்டு உருகிகள். எங்கள் இருவரைத் தவிர வேறெவரும் அதை அறியார்.

பரிசோதகர் வந்த காலையில் அவருடைய ஜீப்பிலிருந்து முதலாளியும் இறங்கினார். சாட்சிக்கு இருக்கட்டுமென்று அவரை அழைத்தவர் என் மாமனார். பரிசோதகர் மெலிந்த, குறைவாகப் பேசும் மனிதர். அறை அறையாகப் பார்த்தார். திருகாணிகளின் வெட்டுவாய்கள் ஒரே நேர்நிலையில் நிற்பதைக் கண்டு ஒரு கணம் நின்றார். முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். பரிசோதகரின் ஆட்கள் கம்பத்திலிருந்து மின்னைச் சோதனைக்காக இணைத்தார்கள். பகலிலும் நடுவறை விளக்கு எரிந்தது.

பின்னர் பிரதான பலகையைத் திறந்தார்.

"இந்த ரெண்டாவது பியூஸ் எதுக்கு, தம்பி?"

"பாதுகாப்புக்கு, ஐயா. சிலபேர் அதை வைக்கிறதில்லை." முதலாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பரிசோதகர் அந்த இரண்டாவது உருகியை மட்டும் பிடுங்கி எடுத்தார். நடுவறை விளக்கு அணைந்தது. "இப்ப அந்தப் பல்புக்குக் கரண்ட் போகுதோ?"

"இல்லை, ஐயா."

கதிரை ஒன்றைக் கேட்டு வாங்கி அதன்மேல் ஏறினார். மின்குமிழைக் கழற்றினார். சோதனை விளக்கின் ஒரு கம்பி முனையைக் குமிழ்தாங்கிக்குள் வைத்து, மறுமுனையை மண்ணில் அடித்திருந்த இரும்புக் குழாயோடு இணைந்த கம்பியில் தொட்டார். சோதனை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"உங்கட மனுசி இப்ப ஈரக்கையோட இந்தப் பல்பைக் கழட்ட வந்திருந்தால்?"

என் மனைவி அறை வாயிலில் ஈரக்கையோடுதான் நின்றாள்.

பரிசோதகர் இறங்கினார். "கப்பல்ல ரெண்டு கம்பியும் கப்பலின்ர இரும்பைத் தொடாது. அங்க உங்கட முறை சரி. கரையில ஒரு கம்பியைத் தொடக்கத்திலேயே மண்ணுக்குள்ள இறக்கியிருக்கிறம். அந்தக் கம்பியில பியூஸ் வைச்சு, அது மட்டும் எரிஞ்சுபோனால் லைட் நிண்டுவிடும். ஆனால் மற்றக் கம்பியில உயிர் இருக்கும். லைட் இல்லை, கரண்டும் இல்லையெண்டு நினைச்சுத் தொடுறவன் சாவான்."

முதலாளி இப்போது சிரித்தார். ஓசையில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்கச் சிரித்தார். "நான் களவெடுத்த பியூஸெல்லாம் எங்க போச்சுதெண்டு இப்ப விளங்குதோ, நேவி?"

என் அறிவில் ஒரு பகுதி இதை ஏற்றுக்கொண்டிருக்க, இன்னொரு பகுதி அவருடைய கழுத்தை நெரிக்க விரும்பியது. அந்தக் கோணற்பிடி அடிப்பவன் சரி, நான் பிழை.

பரிசோதகர் படிவத்தை எடுத்தார். "மற்ற வேலை எல்லாம் சுத்தம். இப்படி ஒரு கையை நான் கனகாலம் காணேல்லை. இதைக் கழட்டிப்போட்டு நேரடியாக் கம்பியை இழுங்கோ. வியாழக்கிழமை வாறன். கையெழுத்துப் போடுவன்."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். பத்திரம் நான்கு நாட்கள் தொலைவில் இருந்தது. அப்போது எனக்குப் பேக்கரியின் பின்னறை நினைவுக்கு வந்தது: எப்போதும் ஈரமான சீமெந்துத் தரை, மாவும் நீரும் தோய்ந்த கைகள், தலைக்கு மேலே தொங்கும் நான் பூட்டிய விளக்கு. வியாழன்வரை வாய் மூடியிருந்து, பிறகு பத்திரத்தோடு போய்த் திருத்தலாம். நான்கு நாளில் ஓர் உருகி எரியவேண்டுமென்று எந்த விதியும் இல்லை. எரியக்கூடாதென்றும் இல்லை.

"ஐயா, இன்னொரு இடத்திலயும் இப்படிப் பூட்டியிருக்கிறன்" என்றேன். "பேக்கரியில. பத்திரம் இல்லாமல்."

பரிசோதகர் பேனாவை மூடினார். "இதைச் சொன்னால் நான் எழுத வேணும். எழுதினால் ஒரு வருசத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்க ஏலாது. தெரியுமோ?"

"ஓம், ஐயா."

"பாத்தீங்களோ!" முதலாளி கைகளைத் தட்டினார். "நான் பியூஸைத்தான் களவெடுத்தனான். இவர் பேக்கரியையே களவெடுத்திருக்கிறார்!"

"வாயைப் பொத்தும்" என்றார் பரிசோதகர். "ஜீப்பில ஏறும். லைசன்ஸ் உம்மிட்டத்தானே இருக்கு. நீர்தான் அதைக் கழட்டவேணும்."

அவ்வாறே நடந்தது. என் பலகையை முதலாளி திறந்தார். பத்திரம் இல்லாத என் கை அதில் படக்கூடாதென்பதால், நான் அவருக்கு ஏணியைப் பிடித்தேன். மாத்தொட்டியை மூடிவிட்டு நின்ற பேக்கரிக்காரர் நன்றி சொல்லவில்லை. "நல்லா எரிஞ்ச லைட்டை ஏன் பிடுங்கிறீங்கள்? மா புளிக்குது! இனி என்ர வாசலுக்கு வராதேயும்!" என்று என்மேல் சீறினார். அந்த விளக்கு ஆளையே கொல்லக்கூடியது என்று அவரிடம் விளக்க முயன்றேன். கேட்கவில்லை.

ஏணியின் மேலே முதலாளியின் விரல்களை முதன்முறையாக அருகில் பார்த்தேன். சுவரில் அத்தனை அசட்டையாக ஆணி அடிப்பித்த மனிதர், பலகைக்குள் கம்பியின் முனையைத் தலைமுடி போல முறுக்கி, ஓர் இழையும் பிசகாமல் செருகினார். அது எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டியது.

இறங்கியபோது சொன்னார்: "வேற ஒருத்தரும் உம்மை வேலைக்கு எடுக்கமாட்டினம். நாளைக்கு ஏழு மணிக்கு வாரும். ஆனால் முதல்ல தேத்தண்ணிக் கடையில போய் அண்டைக்குச் சொன்ன கதை பொய்யெண்டு சொல்லவேணும்."

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "போகப்போறீங்களோ?"

"ஓம்."

"போங்கோ" என்றாள். மாமனார் அன்று சீனன்குடாவைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் அதே பத்துப்பேர் முன்னிலையில் நின்று, "முதலாளி பியூஸ் களவெடுக்கேல்லை. எனக்குத்தான் விளங்கேல்லை" என்றேன்.

"அப்ப அவர் வேற என்னத்தைக் களவெடுக்கிறார், நேவி?" என்று ஒருவர் கேட்க, கடை முழுவதும் சிரித்தது. வாசலில் நின்ற முதலாளியின் முகம் கறுத்தது. எனக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே இன்பம் அது.

இரண்டு கிழமைக்குப் பின் ஒரு புது வீட்டின் கடைசி நாள். அவர் பிரதான பலகையைக் கையில் எடுத்தார். "எல்லாரும் போய்ப் பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ."

மற்றவர்கள் போனார்கள். நான் நின்றேன்.

"உமக்குத் தனியாச் சொல்லவேணுமோ?"

"நான் குடிச்சிட்டன்" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். போகச் சொன்னால் போகமாட்டேன் என்பதும், துரத்தினால் இத்தனை நேராகக் கம்பி இழுக்கும் கை வேறு கிடையாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தம் அகன்ற முதுகைத் திருப்பி, பலகையை என் பார்வையிலிருந்து மறைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

நான் மறுபக்கமாக, பலகை தெரியும் இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டேன்.