ரஹ்மத்துன்னிசாவின் நடை

ஜமால் முகமதுவுக்கு மறதி நோய் என்று கண்டுபிடித்த ராஜபாளையம் டாக்டர், "மருந்து ஓரளவுக்குத்தான் கேக்கும். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வையுங்க. மூளைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது" என்றார். மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் ரஹ்மத்துன்னிசா புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு திருமுக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருசம் செருப்புக்கடை வைத்திருந்தவர், தன் செருப்பில் இடது எது, வலது எது என்று தெரியாமல் நின்றார்.

அவளும் அப்போது நன்றாக இல்லை. ஒரு வருசமாகத் தூக்கம் கிடையாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவாள். சும்மா இருக்கும்போதே அழுகை வரும். அதை டாக்டரிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

நாலு மாதத்தில் அவளுக்குத் தூக்கம் வந்தது. சீட்டு எழுதாமலே கடைக்குப் போய், ஒன்று விடாமல் வாங்கி வந்தாள். அவர்தான் தேறவில்லை. ஒரு காலை, நடுவழியில் கையை உதறினார்.

"நீங்க யாரும்மா? என் வீட்டுக்காரி பாத்தா வருத்தப்படுவா. தள்ளி வாங்க."

அன்றிலிருந்து அவள் பத்தடி பின்னால் நடந்தாள்.

ராஜபாளையத்தில் இருந்த மகள் சப்ரீனிடம் போனில் சொன்னாள்: "அவியளுக்குன்னு ஆரம்பிச்சது எனக்குல்லா பலிக்குது. அவியளுக்குச் சேர வேண்டியத நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு."

"நீ விழுந்துட்டா அத்தாவ யாரும்மா பாப்பா?" என்றாள் சப்ரீன்.

ஐப்பசி மழையில் அவருக்குச் சளி நெஞ்சில் கட்டியது. ஒரே வாரத்தில் மவுத்தானார். புருசனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். மூன்றாவது வாரமே பழைய பாரம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவர் கடைசியாகத் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது.

எழுந்து நடந்தாள். வாசல் கதவிலிருந்து அடுப்படி வரை இருபத்திரண்டு எட்டு. போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். துக்கம் கேட்க வந்து தரையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் முகம் சுளித்தாள்.

"ஏட்டி, இதென்ன கூத்து? நாப்பது நாளுகூட ஆகல."

"உக்காந்தா அழுகையா வருது மதினி. செத்த நேரம் நடந்துக்கிடுதேன்."

நாத்தனார் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டாள்.

இத்தா முடியும் வரை ஒரு நாள் விடாமல் நடந்தாள். அழுகை நிற்கவில்லை. தூக்கம் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, வரத் தொடங்கியிருந்தது.