பரிவட்டத்துக்கு உரியவர்

எங்கள் ஊர்க் கண்மாயை ஒரு தொழிற்சாலைக்குக் கொடுப்பதற்கான கோப்பு, நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகத்துக்கு இரகசிய முத்திரையோடு வந்தது. நீர் நிற்கும் கண்மாயை அதில் தரிசு என்று எழுதியிருந்தார்கள். படித்தும் நான் வாய் திறக்கவில்லை. அரசு இரகசியத்தைக் காப்பதே கடமை என்று நம்பினேன். என்னிடம் பணியாற்றிய தட்டச்சர் அதை நகலெடுத்து, பெயர் குறிப்பிடாமல் ஊருக்கு அனுப்பிவிட்டார். ஊரார் வழக்காடிக் கண்மாயை மீட்டார்கள். துறை விசாரணையில் அவரைக் காட்டிக்கொடுத்தவன் நான். அவருக்கு வேலை போயிற்று.

நகலை அனுப்பியது உள்ளூர்க்காரனான நானே என்று ஊரார் முடிவுகட்டி, ஆண்டுதோறும் கோயில் திருவிழாவில் எனக்கு முதல் பரிவட்டம் கட்டினார்கள். மறுக்காமல் தலையைக் கொடுத்தேன்.

இவ்வாண்டு அழைக்க வந்த பூசாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது.

"இத்தனை வருசமா கட்டிப்புட்டோமே அய்யா! இப்பப் போயி ஊருக்கு என்னத்தைச் சொல்ல? இது நமக்குள்ளயே கெடக்கட்டும். பேசாம வந்து நில்லுங்க."

மறைத்து வைக்க இன்னொன்றா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. பரமக்குடியில் இருக்கும் அந்தத் தட்டச்சரின் முகவரியை ஒரு தாளில் எழுதி, பூசாரியின் கையில் கொடுத்தேன்.