மாமா வைத்த சேனை

தம்பிக்கு என் மாமாவின் குணம் வந்துவிடக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருந்தார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள். தங்க மோதிரத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் ஒரு சொட்டு விடுவது. யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. மாமா நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். வாயும் டிராக்டர் மாதிரிதான், நிற்காது. அம்மாவின் ஒரே தம்பியான அவர் கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் முடியாது.

தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கடலூரில் இருந்த எங்களைச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவைத்தான். அங்கே அப்பாவை இந்தச் சேனைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியவர் ஒரு டாக்டரம்மா. குறைமாதக் குழந்தைகளின் மூச்சையும் பால் குடிப்பதையும் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்தக் குழந்தைகளுக்குக் குழாய் வழியாகத்தான் பால் போகும். வழக்கத்தைவிடச் சில நாள் முன்னதாகவே, சங்கு போன்ற பாலாடையில் ஊட்டலாம், மூச்சு தாங்கும் என்பது அவர் எண்ணம். எங்கள் வார்டில் தம்பியோடு சேர்த்து நான்கு குழந்தைகளுக்கு அப்படித்தான் ஊட்டினார்கள். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவார். அப்போது யாரும் பேசக் கூடாது.

"தாய்ப்பாலத் தவிர வாயில ஒரு சொட்டு எதுவும் வெக்கக் கூடாது" என்று அவர் சொன்னதும் அப்பா வேகவேகமாகத் தலையாட்டினார். மாமா ஆட்டவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் அம்மா குளிக்கப் போனாள். நானும் மாமாவும் மட்டும் தம்பியிடம் இருந்தோம். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். "நம்மூரு ஆலை சக்கரை, பாப்பா. ஒரு சொட்டுல என்னா ஆயிடப் போவுது?"

மோதிரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தம்பி சப்புக்கொட்டினான். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ரெண்டு சொட்டு விட்டார். தம்பி இருமினான். முகம் கறுத்து, அப்புறம் மெல்லத் தெளிந்தது. மாமா பாட்டிலை அவசரமாகப் பைக்குள் திணித்தார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்கம்மா மேல சத்தியம்" என்று என் கையில் அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணினார். தம்பிக்கு மூச்சு வாங்கியது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போயிற்று. ஆக்சிஜன் வைத்தார்கள்.

"பாலத் தவிர வேற எதனா குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க" என்று அம்மா அழுதாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ எழுதினார். நர்ஸிடம், "நாலு குழந்தைக்கும் பாலாடைய நிறுத்திடுங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். பக்கத்துக் கட்டில் அக்காவின் குழந்தை அன்றுதான் முதல்முறையாகப் பாலாடை முழுக்கக் குடித்திருந்தது. மறுபடியும் குழாயா என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொன்னால் அம்மா செத்துப்போவாள், சொல்லாவிட்டால் தம்பி செத்துப்போவான். டாக்டரம்மா பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினேன்.

"டாக்டர், சத்தியத்த மீறினா எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது. சொல்லு."

சொன்னேன். எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, இருமினானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், மருந்தை மாற்றினார். மூன்றாம் நாள் தம்பியின் மூச்சு சீரானது. மற்ற மூன்று குழந்தைகளும் பாலாடைக்குத் திரும்பினார்கள்.

மாமா வந்தபோது டாக்டரம்மா திட்டவில்லை. தன் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து, தம்பியின் வயிற்றைக் காட்டி, "ஒரு நிமிஷம் எண்ணுங்க" என்றார். மாமா ஒரு நிமிடம் முழுதாக வாய் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்மேல் கோபப்படவும் இல்லை.

ஆனால் அந்தச் சாயங்காலம் வராந்தாவில் நடந்தது மட்டும் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்கலங்க, "ரொம்பத் தேங்க்ஸ்டா கண்ணு" என்றார். கோள் சொன்னதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? வேறு யார் தலையிலும் பழி போடாமல், தம்பியின் ஒவ்வொரு மூச்சையும் தன் தவறாகவே அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். இன்று தம்பி என்னைவிட உயரமாக நிற்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று நான் பெரிய மனுஷிபோல், "பரவால்ல டாக்டர்" என்றேன்.